கொம்பு எந்தப் பக்கம்?

(இணையவழி நேரலை உரையின் எழுத்து வடிவம்)

பாரிஸில் இப்போது பின்னேரம் மூன்று மணி. ரொறன்ரோவில் காலைக் கோப்பியோடு இருப்பவர்களுக்கும், சிட்னியில் நித்திரை முழித்துக் கேட்பவர்களுக்கும் நன்றி.

இந்த நேரலையில் வழமையாகக் கவிஞர்களும் நாவலாசிரியர்களும் பேசுவார்கள். நான் வீடியோ கேம் செய்யும் ஒரு நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவன். நான் எழுதுவதைக் கணினி மட்டுமே வாசிக்கும். என்னை ஏன் கூப்பிடுகிறீர்கள் என்று அழைத்தவரிடம் கேட்டேன். "எழுத்தைப் பற்றித்தானே கதைக்கப் போகிறாய், வா" என்றார். ஆகவே எழுத்தைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் இலக்கியம் என்ற பொருளில் அல்ல. க, ங, ச என்ற பொருளில்.

பாரிஸுக்கு ஒருமுறை வந்தவர்களுக்கும் லாச்சப்பலைத் தெரிந்திருக்கும். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். இரண்டாம் இலக்க மெத்ரோ அந்த இடத்தில் நிலத்துக்குக் கீழே ஓடாமல் தூண்களின் மேலே ஓடும். அதன் கீழிருந்து ஃபோபூர் சன் தெனி வீதிக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். பலசரக்குக் கடை, சேலைக் கடை, நகைக் கடை, முடி திருத்தும் கடை. வேலை முடிந்து அந்த வழியே நடக்கும்போது என் கண் கடைக்குள் போவதில்லை, பலகையிலேயே நின்றுவிடும். தொழில் வியாதி. சில பலகைகளில் கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. 'கொ' என்று வர வேண்டிய இடத்தில் க முன்னால் நிற்கும். கொம்பும் அரவும் அதற்குப் பின்னால் சேர்ந்து நிற்கும். (அரவைத் தமிழகத்தில் கால் என்பார்கள்.) நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகிற ஆளாகத்தான் நானும் இருந்தேன்.

சிரிப்பு நின்றது என் மருமகனால். அக்காவின் மகன், ஒன்பது வயது. பாரிஸில் பிறந்தவன். வாரத்தில் ஒரு நாள் தமிழ் வகுப்புக்குப் போவான். நாங்கள் செய்துகொண்டிருந்த கேமுக்கு யாரும் கேட்காமலே தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்றை இரவில் இருந்து எழுதியிருந்தேன். அதை அவனுக்குக் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று கணினியைத் திறந்தேன். முதல் திரையில் ஒரே ஒரு பொத்தான்: 'தொடங்கு'. அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாயைத் திறந்தான், மூடினான். பிறகு மெல்லச் சொன்னான்: "மாமா, எனக்கு இது வாசிக்கத் தெரியேல்லை. பிரெஞ்சிலை போடுங்கோ."

எட்டிப் பார்த்தேன். த தனியே நின்றது. கொம்பும் அரவும் அதன் வலப்பக்கத்தில் நின்றன. கடைசி எழுத்தில் க ஒரு பக்கம், உகரத்தின் சுழி ஒரு பக்கம். லாச்சப்பல் பலகையில் பார்த்துச் சிரித்த அதே பிழை, என் நிரலில். பிழை திரையில் இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. கணினி பிழைவிடும் என்று ஒரு பிள்ளை ஏன் நினைக்க வேண்டும்? தனக்குத்தான் தமிழ் வரவில்லை என்று முடிவெடுத்துவிட்டான். அப்படி முடிவெடுக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

இன்று சொல்ல வந்தது அந்த ஒரு நிமிடத்தைப் பற்றித்தான். இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

'கொ' என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கை முதலில் கொம்பைப் போடும், பிறகு க, பிறகு அரவு. இப்போது அதையே வாயால் சொல்லிப் பாருங்கள். நாக்கு முதலில் ககரத்தைப் பிடிக்கும், ஒகரம் பிறகுதான் வரும். கண்ணுக்கும் கைக்கும் ஒரு வரிசை, நாவுக்கு வேறு வரிசை. மனிதர்களுக்கு இது சிக்கலே அல்ல. இரண்டையும் ஒன்றாகவே கற்றுக்கொண்டோம். இயந்திரம் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அச்சுக்கூடம் கண்ணின் வரிசையைத் தேர்ந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிய நாளிலிருந்து தமிழுக்கு ஈய அச்சு உண்டு. அச்சுக் கோப்பவர் கொம்பை எடுத்து வைப்பார், க வைப்பார், அரவு வைப்பார். இடமிருந்து வலமாகப் பெட்டி பெட்டியாக அடுக்கும் வேலை.

கணினி வந்த பிறகும் பலகாலம் அதே கதைதான். புலம்பெயர்ந்து வந்து சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்குப் பாமினி எழுத்துரு ஞாபகம் இருக்கும். ஆங்கிலத் தட்டச்சுப் பலகையில் என் விசையை அழுத்தினால் கொம்பு, எஃப் அழுத்தினால் க, எச் அழுத்தினால் அரவு. கணினிக்கு அது தமிழ் என்றே தெரியாது. ஆங்கில எழுத்துகளுக்கு நாங்கள் தமிழ் வேடம் போட்டிருந்தோம். வேடம் கலைந்தால், அதாவது எழுத்துரு இல்லாத கணினிக்கு மின்னஞ்சல் போனால், 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். இந்த ஐந்தையும் பார்த்தவுடனே 'தமிழ்' என்று வாசிக்கக்கூடியவர்கள் இந்த நேரலையிலும் சிலர் இருப்பீர்கள்.

வேடம் போட்ட தமிழில் இன்னொரு தொல்லை இருந்தது. கெ, செ, தெ, நெ எல்லாமே கொம்பில் தொடங்குவதால், ஓர் அகராதியை அகரவரிசைப்படுத்தினால் அவை எல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவியும்.

யூனிகோட் நாவின் வரிசையைத் தேர்ந்தது. 1991இல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி, 2944ஆம் எண்ணிலிருந்து 3071 வரை. அதில் க என்பது 2965. ஒகரக் குறி 3018. 'கொ' என்று சேமிக்க 2965, 3018 என்று இரண்டு எண்களை எழுதினால் போதும். ககரம் முதலில், ஒகரம் பிறகு, வாய் சொல்வதுபோல. தாய்லாந்து மொழியிலும் இடப்பக்கம் எழுதப்படும் உயிர்க்குறிகள் உண்டு. அங்கே கண்ணின் வரிசையையே வைத்துக்கொண்டார்கள். தமிழிலும் அப்படிச் செய்திருக்க முடியும். செய்யாததால் தேடலும் அகரவரிசையும் எங்களுக்குச் சுலபமாயின.

இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு சுவையான விஷயம். தொல்காப்பியத்தில் முதலெழுத்து முப்பது. க் என்ற மெய்யோடு அ என்ற உயிர் சேர்ந்து க பிறக்கிறது. மெய் சிறியது, உயிர்மெய் பெரியது. யூனிகோடில் இது தலைகீழ். அங்கே க தான் அடிப்படை, ஒரே எண். அதிலிருந்து அகரத்தை நீக்க 3021 என்ற புள்ளியைச் சேர்க்க வேண்டும். ஆகவே கணினிக்குள் க் என்பது க-வைவிட நீளமானது. 'தொடங்கு' என்பதில் எங்களுக்கு நான்கு எழுத்துகள்: தொ, ட, ங், கு. கணினிக்கு ஏழு எண்கள்.

நாவின் வரிசையில் சேமித்தால், திரையில் காட்டும்போது யாராவது அதைக் கண்ணின் வரிசைக்கு மாற்றியாக வேண்டும். 3018ஐப் பார்த்தவுடன் அதை இரண்டாகப் பிரித்து, கொம்பை க-வுக்கு இடப்பக்கமும் அரவை வலப்பக்கமும் வைக்க வேண்டும். கு, கூ, டு, டூ என்ற வரிசைகளில் மெய்யின் வடிவமும் குறியின் வடிவமும் ஒன்றாகிவிடுகின்றன. 'கு' என்ற உருவத்துக்கென்று யூனிகோடில் எண்ணே இல்லை. க-வும் உகரக் குறியும் பக்கத்தில் வந்தால் எந்த உருவத்தைப் போடுவது என்பது எழுத்துருக் கோப்புக்குள் ஒரு விதியாக இருக்கிறது. அந்த விதியை வாசித்து நடத்தும் ஒரு நிரல் வேண்டும். அந்த வேலையை நாங்கள் எழுத்து வடிவமைத்தல் என்கிறோம்.

உங்கள் கைபேசியில் அந்த நிரல் இருக்கிறது. அதனால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது. அது தானாக வந்ததல்ல. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவர் செய்தது. சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். இப்படிப் பல பேர் பல ஊர்களில் இருந்து உழைத்ததன் பலன் இன்று உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

அப்படியானால் கேமில் மட்டும் ஏன் உடைகிறது? ஒரு கேம் கைபேசியின் உதவியையோ கணினியின் உதவியையோ கேட்பதில்லை. எல்லாவற்றையும் தானே வரைகிறது. ஒரு செக்கனுக்கு 60 படம் காட்ட வேண்டுமென்றால் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெக்கன். அதற்குள் மழை, நிழல், ஓடும் ஆள், மோதும் கல், எல்லாம் கணக்கிட்டு வரைந்து முடிய வேண்டும். எழுத்துக்கு அதில் கிடைப்பது மிகச் சிறிய துண்டு. அதனால் பழைய வழி என்னவென்றால், கேம் தொடங்குமுன்பே தேவையான எழுத்துகளை எல்லாம் ஒரு பெரிய படத்தில் வரைந்து வைத்துவிடுவோம். எண் வந்தால் அதற்குரிய சதுரத்தை வெட்டி ஒட்டுவோம். அடுத்த எண்ணுக்கு அடுத்த சதுரம், இடமிருந்து வலமாக. கவனியுங்கள், இது கொல்லத்து அச்சுக்கூடம்தான். பெட்டி பெட்டியாக அடுக்குகிறோம். ஆனால் கோப்பவர் கையில் இருந்த அறிவு இங்கே இல்லை. நாவின் வரிசையில் வரும் எண்களைக் கண்ணின் வரிசை என்று நினைத்து அடுக்குகிறோம். விளைவு, த-வுக்குப் பின்னால் கொம்பு. பழைய வடிவமைப்பு மென்பொருளில் யூனிகோட் தமிழை ஒட்டிப் பெயர்ப்பலகை செய்தாலும் நடப்பது இதுவே.

இதை எழுதியவர்கள் தமிழுக்கு எதிரிகள் அல்லர். ஓர் எண், ஓர் உருவம், ஒரு பெட்டி என்ற நினைப்பு ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் சரி. சரியாக இருந்ததால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எங்கள் குழுத்தலைவியிடம் போனேன். இதைத் திருத்த எனக்கு நேரம் வேண்டும் என்றேன். விற்பனைப் பட்டியலில் தமிழ் இல்லையே என்றார். இந்தியாவில் மட்டும் 2011 கணக்கெடுப்பின்படி 6.9 கோடிப் பேர் என்றேன். அசையவில்லை. பிறகு அவருக்கு அவருடைய கதையையே சொன்னேன். பிரெஞ்சில் ஓவும் ஈயும் ஒட்டிக்கொண்ட ஓர் எழுத்து உண்டு. இதயம், சகோதரி, முட்டை, படைப்பு என்ற சொற்களை எல்லாம் அதைக் கொண்டுதான் எழுதுவார்கள். 1987இல் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக வந்த ஐஎஸ்ஓ 8859-1 என்ற எழுத்துத் தரத்தில் அந்த எழுத்து இல்லை. 1999இல் 8859-15 வந்தபோதுதான் யூரோக் குறியோடு அதுவும் உள்ளே வந்தது. அதுவரை அந்தத் தரத்தை நம்பியிருந்த கணினிகளில் 'இதயம்' என்று பிரெஞ்சில் ஒழுங்காக எழுத வழியில்லை. அவருடைய பாடசாலைக் காலம் அதுதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களை எடுத்துக்கொள் என்றார்.

பெரிய கண்டுபிடிப்பு எதையும் நான் செய்யவில்லை. ஹார்ஃப்பஸ் என்றொரு இலவச, திறமூல நிரல் இருக்கிறது. பாரசீக மொழியில் 'ஹர்ஃப்' என்றால் எழுத்து, 'பாஸ்' என்றால் திறந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் எழுத்துகளை ஒழுங்குபடுத்துவது அதுதான். அதை எங்கள் கேமுக்குள் இணைத்தேன். கொம்பு இடப்பக்கம் வந்தது. 'கு' ஒன்றானது. நேரமும் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஒரு வசனத்தை ஒருமுறை அடுக்கிவிட்டால் அது மாறும்வரை திரும்ப அடுக்கத் தேவையில்லை.

ஆனால் அந்த ஒன்று திருந்தியதும் மற்றவை கண்ணில் பட்டன. பாத்திரங்கள் பேசும்போது வசனம் எழுத்தெழுத்தாகத் திரையில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் நிரல் எண் எண்ணாக விழுத்தியது. ஆகவே முதலில் த வரும். பிறகு அந்த த வலப்பக்கம் துள்ளி, இடப்பக்கத்தில் கொம்பு முளைக்கும். ங வரும், பிறகு தலையில் புள்ளி விழும். எழுத்து எது, எண் எது என்று பிரித்தறியும் விதிகளை யூனிகோடே வகுத்து வைத்திருக்கிறது, அதன்படி மாற்றினேன்.

ஆடுபவர் தன் பெயரை எழுதும் கட்டத்தில் எட்டு எண்களுக்குத்தான் இடம். யோகேஸ்வரி என்றொரு பெயரை எடுத்துக்கொள்வோம். எங்களுக்கு ஐந்து எழுத்து, கணினிக்கு ஒன்பது எண். ஒன்பதாவது எண்ணான விசிறியை வெட்டினால் யோகேஸ்வர என்று நிற்கும். அம்மம்மாவின் பெயர் ஆண் பெயராகிவிடும்.

இன்னொன்று புணர்ச்சி. 'நீ இன்னதை எடுத்தாய்' என்று சொல்ல, பொருளின் பெயரோடு ஐ உருபை ஒட்டினால் போதும் என்று நிரல் நினைத்தது. வாள் வாளை ஆகும், சரி. பூ பூவை ஆகும். பழம் பழத்தை ஆகும். ஆறு ஆற்றை ஆகும். நன்னூல் படித்த பிள்ளைக்கு விளங்கும், எங்கள் நிரலுக்கு விளங்காது. கடைசியில் ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டாம் வேற்றுமை வடிவத்தைக் கையால் எழுதி வைத்தேன்.

இவை எல்லாம் சின்ன விஷயங்கள். ஒவ்வொன்றையும் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சிரிப்பு. உடைந்த எழுத்தை எங்கள் கண் தானாகவே திருத்தி வாசித்துவிடும். பாதி தெரிந்த பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. வகுப்பில் படித்த தொ ஒரு மாதிரி, திரையில் பார்க்கும் தொ வேறு மாதிரி. இரண்டில் எது சரி என்று தீர்மானிக்கும் பலம் அவனிடம் இல்லை. ஆகவே தன்னைத் தானே பிழை என்று தீர்மானிக்கிறான். பிரெஞ்சில் அவனுக்கு ஒருநாளும் இப்படி நேர்வதில்லை. எந்த மொழி தன்னைக் கைவிடாது என்று பிள்ளைகள் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பிறகு நாங்கள் கூட்டம் போட்டு, பிள்ளைகள் தமிழை விட்டுப் போகிறார்கள் என்று கவலைப்படுகிறோம்.

நிலைமை மாறிவருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மார்ச்சில் கோடோ 4 என்ற திறமூலக் கேம் என்ஜின் வந்தது. அதில் ஹார்ஃப்பஸ் உள்ளேயே இருக்கிறது. பெயர் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெக்கெட் பிரெஞ்சில் எழுதி 1953இல் பாரிஸில் முதலில் மேடையேறிய நாடகம்தான். நாடகத்தில் கோடோ வரவே மாட்டார். எங்கள் எழுத்துகளுக்கு வந்துவிட்டார்.

அதே ஆண்டு ஜூலை 31இல் 'வெண்பா' வெளிவந்தது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, விசை கேம்ஸ் என்ற ரொறன்ரோ நிறுவனம் செய்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக ஆட்டத்துக்கான விருதைப் பெற்றது. வெண்பா என்ற அம்மாவிடம் தன் தாயிடமிருந்து வந்த சமையற் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. பக்கங்கள் கிழிந்து, வரிகள் அழிந்து போயிருக்கின்றன. அழிந்ததை ஊகித்து நிரப்பி இட்லி அவிக்க வேண்டும், புட்டு அவிக்க வேண்டும். அதுதான் ஆட்டம். மருமகனும் நானும் சேர்ந்து விளையாடினோம். அழிந்த வரியைப் பார்த்து அவன் 'எனக்குத் தெரியேல்லை' என்று சொல்லவில்லை. புத்தகம் பழுது என்று அவனுக்கு விளங்கியது. பழுதைத் திருத்துவதற்குத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு எங்கள் 'தொடங்கு' பொத்தானின் முன்னால் சுருங்கி இருந்த அதே பெடியன்.

எங்கள் கேமின் திருத்திய வடிவத்தைப் போன மாதம் அவனுக்குக் காட்டினேன். 'தொடங்கு' என்று சத்தமாக வாசித்தான். அழுத்தினான். உள்ளே போனான். பத்து நிமிடம் நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையை அல்ல. ஒரு வரைபடம் வந்த இடத்தில் நின்றான். புருவத்தைச் சுருக்கினான். எனக்கு வயிற்றுக்குள் ஏதோ செய்தது. எந்தக் கொம்பு எங்கே போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன.

"மாமா," என்றான், "கிழக்குக்கு மகர ழ எல்லோ வரும்? நீங்கள் ள போட்டிருக்கிறீங்கள்."

யாழ்ப்பாணத்து நாக்கு. பேசும்போது ழ-வும் ள-வும் எனக்கு ஒன்றுதான், அவசரத்தில் கையும் நாக்கின் பின்னால் போய்விட்டது. யூனிகோடிலும் பிழையில்லை, ஹார்ஃப்பஸிலும் பிழையில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அதை அவன் கண்டுபிடித்துவிட்டான், எனக்கு நேரே சொல்லியும்விட்டான். அவன் முன்னாலேயே திருத்தினேன்.

இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.